வாடைக் காலமும் வீட்டுக் கொல்லையும்



இலக்கியம் பேசுவதற்கு இம்மேடையில் புலவர் பெருமக்கள் வீற்றிருக்கிறார்கள். மெட்ரிக்குலேஷன் படிப்போடு ரயில்வே காரியாலயத்தில் நுழைந்து, பதிவேடுகளுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட எம் போன்றோர் அவர்களுக்கிடையே நின்று பேச என்ன இருக்கிறது என்று செயலாளர் அவர்களைக் கேட்டோம். "குளிரைப் பற்றிப் பேசுங்கள், அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்" என்றார். ஆகவே தில்லிக் குளிரைப் பற்றியும், அக்குளிரில் வீட்டைவிட்டு வெளியேறாமலே நமக்குக் கிடைக்கக்கூடிய இரண்டு இன்பங்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். ஒன்று தொலைக்காட்சியில் வரும் விளையாட்டு. மற்றொன்று கொல்லைக்கு வரும் பறவை.

குளிருக்கும் நமக்கும் உள்ள வழக்கு பழமையானது. சத்திமுற்றத்துப் புலவர் மதுரைக் குளிருக்கே வாடிப்போய் நாரையை ஊருக்குத் தூது அனுப்பினார். அவர் தில்லிக்கு வந்திருந்தால் தூது அனுப்பக் கையும் எழும்பியிராது. 2019 டிசம்பர் 30 அன்று இங்கே பகலிலேயே வெப்பம் 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. 1901 முதல் உள்ள கணக்கில் டிசம்பரில் அத்தனை குளிர்ந்த பகல் இருந்ததில்லை என்றார்கள். 2021 புத்தாண்டுக் காலையில் 1.1 டிகிரி. பனிமூட்டம் இறங்கினால் வண்டிகள் எட்டு மணி, பத்து மணி நேரம் தாமதமாகும். சிக்னல் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகத் தண்டவாளத்தில் வெடி வைத்து ஓட்டுநரை எச்சரிக்கும் வழக்கம் எங்கள் இலாகாவில் நெடுங்காலமாக உண்டு. சிக்னல் நெருங்குவதை எஞ்சினுக்குள்ளேயே அறிவிக்கும் கருவியும் இப்போது வந்திருக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு வழி காட்டும் கருவி ஒன்றும் வரவில்லை.

நவம்பர் பிறந்ததும் பெரியவர்களைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்கிலோ ஏற்றி ஊருக்கு அனுப்பி, பங்குனியில் திரும்ப அழைத்துக்கொள்வது நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாக இருக்கிறது. ஊரில் வீடும், பார்த்துக்கொள்ள மனிதரும் உள்ளவர்களுக்கு அது சரி. இரண்டும் இல்லாதவர்கள் என்ன செய்வது?

எங்கள் தந்தையார் காலமான பிறகு, 2019 ஐப்பசியில் தாயார் எங்களோடு வந்து சேர்ந்தார். சேலம் மாவட்டத்துக் கிராமத்தில் இருந்த வீடு பங்கு பிரித்து விற்கப்பட்டுவிட்டது. அவருக்கு வாய்த்த முதல் குளிர்காலமே மேலே சொன்ன அந்த டிசம்பர். ரஜாய்க்குள் சுருண்டு படுத்தவர் வாரக்கணக்கில் எழுந்து உட்காரவில்லை. சோறு பாதியாகக் குறைந்தது. "எப்போது ஊருக்கு?" என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஊரில் வீடு இல்லை என்பதை எங்களைவிட அவர் நன்றாக அறிவார். அதனால் அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதிலும் இல்லை. வைத்தியர் சோதித்துப் பார்த்து, "வியாதி ஒன்றுமில்லை, வெயில் வேண்டும், பேச ஆள் வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார். மருந்துச் சீட்டில் எழுதித் தரக்கூடிய சரக்குகள் அல்ல அவை.

இங்கே இடையில் ஒரு வார்த்தை. கதவு, ஜன்னல் அனைத்தையும் அடைத்துவிட்டு அறைக்குள் கரி அங்கீட்டி வைத்துத் தூங்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும். வடநாட்டில் ஆண்டுதோறும் குடும்பங்கள் இப்படி மாண்டுபோவதைப் பத்திரிகையில் படிக்கிறோம்.

எங்கள் தாயாரை எழுப்பியது காக்கை. உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கத்தை அவர் ஐம்பது ஆண்டுகளாக விட்டவர் அல்லர். பொங்கல் அன்று சற்று வெயில் அடிக்கவே, கொல்லைக் கதவைத் திறந்து சோற்றை வைத்தார். அதே கழுத்துச் சாம்பல், அதே கோணல் பார்வை. "இது நம் ஊர்க் காக்கைதான்" என்றார். அன்றைக்கு ஒரு நாழிகை வெளியே உட்கார்ந்திருந்தார்.

எங்களுடையது தரைத்தளத்துக் குவார்ட்டர்ஸ். கொல்லையில் ஒரு கொய்யா மரம், ஒரு முருங்கை, செம்பருத்திச் செடி இரண்டு, குளிர் வந்தால் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நிற்கும் கறிவேப்பிலை ஒன்று. இவ்வளவுதான் சொத்து. இந்தச் சொத்துக்கு எத்தனை பங்காளிகள் என்பது தாயார் அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிய வந்தது.

முதலில் ஒரு சிறு பறவை. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். மேலெல்லாம் கருமை, வயிறும் வாலும் செங்கல் நிறம். தரையில் இறங்கிப் பூச்சி பொறுக்கும். உடனே மதிலில் ஏறித் தலையைத் தாழ்த்தி வாலை வெடவெடவென்று நடுக்கும். "குளிரில் நடுங்குகிறது, பாவம்" என்று சொல்லி, தாயார் அதற்கு நடுக்குக் குருவி என்று பெயர் வைத்துவிட்டார். மதிலுக்கு அப்பால் குடியிருக்கும் பீகார் மாநிலத்து அம்மையார் அதைக் கேட்டுச் சிரித்து, இந்தியில் அதன் பெயரே 'திர்திரா' என்றார். அதுவும் நடுக்கத்தால் வந்த பெயரே. எங்கள் தாயார் கற்றுக்கொண்ட முதல் இந்திச் சொல் அது. இமயத்திலும் அதற்கு அப்பாலுள்ள மலைநாடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இப்பறவை கீழே இறங்கி வருகிறது. நாம் நடுங்கும் இந்தக் குளிர் அதற்கு இளவேனில் போலும்! அடுத்த ஆண்டு அக்டோபரிலும் அதே மதிலில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதே குருவிதான் என்பது தாயாரின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

அப்புறம் பெயர்ப் பரிமாற்றம் வளர்ந்தது. கூட்டமாய்க் கூச்சலிட்டுச் சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிக்கு அந்த அம்மையார் 'சாத் பாய்', அதாவது ஏழு சகோதரர்கள், என்று சொன்னார். ஆங்கிலேயர் அதையே ஏழு சகோதரிகள் என்று அழைத்தார்கள். "சத்தத்தைக் கேட்டால் மாமியார் மருமகள் மாதிரி இருக்கிறது" என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி. கொண்டலாத்தியை இங்கே 'ஹுத்ஹுத்' என்கிறார்கள். வாலாட்டிக் குருவி புல்வெளியில் ஓட்டமும் நடையுமாய் வரும். தேன்சிட்டின் ஆண் மார்கழியில் பளபளப்பை இழந்து, தொண்டையில் மட்டும் ஒரு கருங்கோடு தாங்கி நிற்கும். மாசி பிறந்து முருங்கை பூக்கையில் மீண்டும் ஊதா மின்னும். பட்டாணி உரித்துக்கொண்டே இந்த மாறுதலை நாள்தோறும் கவனித்தவர் தாயார். காரியாலயம் போய்வருகிற எங்களுக்கு அது ஒரே நாளில் நடந்தது போலத் தோன்றிற்று.

எங்கள் பங்கு ஒன்று உண்டு. ரயில் நிலைய நடைமேடையில் பூரித் துண்டு பொறுக்கும் மைனாவைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள். இங்கே பலவற்றுக்குச் செம்மஞ்சள், உடலும் சாம்பல் நிறம். அது கங்கா மைனா என்னும் வேறு இனம். ஆற்றங்கரை மண்ணில் பொந்து குடைந்து கூடு வைப்பது. இருபது ஆண்டுகளாக அவற்றுக்கு நடுவே நடந்து போகிறோம். பெயர் தெரிந்தது தாயார் புண்ணியத்தில்.

பறவை நூல்கள் ஆங்கிலத்தில்தான் உண்டு என்று எண்ண வேண்டா. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார்; ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996 வரை இடைவிடாமல் எழுதிய பத்தியில், வீட்டுக் கூரையிலும் தெருவோரத்திலும் காணும் உயிர்களுக்கே பெரிதும் இடம் கொடுத்தார்.

ஒரு எச்சரிக்கை. புறாக்களுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவது இந்நகரில் புண்ணியமாகக் கருதப்படுகிறது. புறா எச்சத்தின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மூச்சு இளைப்பு உள்ளவர்கள் வீட்டருகில் அது வேண்டாம். சிட்டுக்குருவிக்கு ஒரு பிடி கம்பும், அகலச் சட்டியில் தினமும் மாற்றிய தண்ணீரும் போதும். 2012 முதல் அதுதான் தில்லியின் மாநிலப் பறவை. அந்த மரியாதையாவது செய்வோம்.

இனி விளையாட்டு. பறவை பகல் பத்து மணிக்கு மேல் வரும். தாயார் விழிப்பதோ காலை நான்கரைக்கு. மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட உடம்பு அது. இங்கே நான்கு டிகிரியில் வாசலுக்குப் போகவிட முடியுமா? அந்த வெற்று நேரத்தை நிரப்பியது ஆஸ்திரேலியா. அங்கே கோடைகாலம். மெல்போர்னிலும் சிட்னியிலும் காலைப் பத்தரை மணிக்குத் தொடங்கும் டெஸ்ட் பந்தயம் நமக்கு விடிகாலை ஐந்து மணிக்கு வந்துவிடும். வெளியே ஜன்னல் முழுவதும் வெண்பனி. பெட்டிக்குள் பச்சைப் புல்லும் பளீரென்ற வெயிலும். பார்த்தாலே பாதிக் குளிர் போயிற்று.

2020-21ஆம் ஆண்டுப் பயணம் எங்கள் வீட்டில் மறக்க முடியாதது. நோய்க்கு அஞ்சி அனைவரும் வீட்டோடு கிடந்த காலம். அடிலெய்டில் 36 ரன்னுக்கு நம்மவர் சுருண்டபோது, கிரிக்கெட் அறியாத தாயாருக்குக்கூட ஏதோ துக்கம் நடந்திருக்கிறது என்று விளங்கியது. சிட்னியில் ஜனவரி 11 அன்று அசுவின் முதுகுவலியோடும் விஹாரி தொடையில் காயத்தோடும் நின்று, இருவருமாக 40 ஓவருக்கு மேல் தடுத்து ஆடிப் பந்தயத்தைச் சமன் செய்தார்கள். அசுவின் 128 பந்தில் 39; விஹாரி 161 பந்தில் 23. ரன் எடுக்காத ஆட்டத்தில் என்ன ரசம் என்பாரும் உளர். தாயார் கேட்டது வேறு: "அந்தப் பிள்ளை முதுகுக்கு யாராவது ஒத்தடம் கொடுக்க மாட்டார்களா?"

பிறகு பிரிஸ்பேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராசன் அங்கே முதல் டெஸ்ட் ஆடினார். வலைப் பயிற்சிக்குப் பந்து வீசப் போனவர், ஒரே பயணத்தில் மூவகைப் பந்தயத்திலும் இடம் பெற்று, அந்த இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். சின்னப்பம்பட்டி என்ற பெயர் பெட்டியிலிருந்து ஒலித்ததும் தாயார் ரஜாயைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அவ்வூர்ச் சந்தை, அங்கே வாழ்க்கைப்பட்ட சித்தி மகள், தறிச் சத்தம் என்று ஒரு வருஷத்துப் பேச்சு அன்று காலையில் வந்தது. பேரப் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு அப்பாயி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னை வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் டெஸ்டில் முதலடி வைத்து 62 ரன் எடுத்தார். தந்தைக்கு உதவிய பெரியவர் ஒருவரின் நினைவாக வைத்த பெயர் அது என்று விளக்கியதும், "நன்றி மறக்காத குடும்பம்" என்று சான்றிதழ் கிடைத்தது. ஜனவரி 19 அன்று 328 ரன் இலக்கை எட்டி, 1988க்குப் பின் ஆஸ்திரேலியா தோற்றறியாத அந்த மைதானத்தில் நம்மவர் வென்றார்கள்.

தொலைக்காட்சி குடும்பத்தை ஊமையாக்குகிறது என்று இம்மேடையிலேயே பேசக் கேட்டிருக்கிறோம். நெடுந்தொடருக்கும், கூச்சல் போடும் செய்தி விவாதத்துக்கும் அது பொருந்தும். விளையாட்டு அப்படியன்று. ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே இடைவெளி உண்டு. அதில் ஒரு வாய் காப்பி குடிக்கலாம், ஜன்னல் வழியே நடுக்குக் குருவி வந்ததா என்று பார்க்கலாம், தெரியாததைக் கேட்கலாம். பாட்டிக்குப் பேரன் ஆசிரியனாவது வேறு எதில் நடக்கும்? கபடியில் அது தலைகீழ். சடுகுடு ஆடிய அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவர் அவர். அங்கே பாட்டிதான் ஆசிரியை. அதற்குத் தமிழ் வர்ணனையும் உண்டு.

2024 ஜனவரி 27 அன்று ஆஸ்திரேலிய டென்னிசில் ரோகன் போபண்ணா 43 வயதில் ஆடவர் இரட்டையர் பட்டம் வென்றபோது, நாற்பதைக் கடந்த எங்கள் காரியாலயத்தார் ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 12 மாலை, சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் டிங் லிரனை வென்று சதுரங்க உலக வீரரானார். அழுதுகொண்டே காய்களைப் பழையபடி அடுக்கி வைத்தார் அல்லவா? தாயார் அதைத்தான் நான்கு பேரிடம் சொன்னார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்நகரின் குடியிருப்புகளில் நம் முதியவர்கள் எத்தனை பேர் மார்கழி, தை மாதங்களில் அறைக்குள் அடைபட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலேனும் நம்மிடம் இருக்க வேண்டும். தரைத்தளமும் வெயிலும் உள்ள வீட்டார் ஞாயிறுதோறும் கதவைத் திறந்து வைக்கலாம். எங்கள் கொல்லைக்கு இப்போதே மூன்று தாய்மார்கள் வருகிறார்கள். மதிலுக்கு அப்பாலிருந்து அந்த அம்மையாரும் வருகிறார். பறவைப் பெயர்களைத் தமிழிலும் இந்தியிலுமாகப் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாள். இருபத்து மூன்று ஆகியிருக்கிறது. வரித்தலை வாத்தும் வேண்டும் என்று தாயார் பிடிவாதம் பிடிக்கிறார். இமயத்தின் மேலே 7,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பறந்து வரும் அப்பறவை, திருநெல்வேலிக் கூந்தன்குளம் வரை போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது எங்கள் கொய்யா மரத்தில் உட்காராது என்று எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை.

நடுக்குக் குருவி இன்னும் புறப்படவில்லை. மார்ச் வரை இருக்கும். காண விரும்புவோர் காலை பத்து மணிக்கு மேல் வரலாம். அதற்கு முன் எங்கள் கொல்லையில் வெயில் இறங்காது.