ஒரு குமாஸ்தாவின் மோட்டார் ஆசை



ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் எளியேனுக்கு மோட்டாரைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். தகுதி இல்லை, ஆசைதான் உண்டு.

1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய ஹெரால்டு காரைத்தான் சொல்கிறேன். 948 சி.சி. எஞ்சின், இன்றைய சிறு வண்டிகளே அதனை எளிதில் முந்திவிடும். ஆயினும் சிறுவனாக என் மாமாவின் அருகமர்ந்து கண்டிருக்கிறேன். சக்கரங்கள் நான்கும் தனித்தனியே மேடுபள்ளம் தாங்கும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளில் மற்றவர்கள் முன்னும் பின்னும் நகர்த்தித் தவிக்கையில், மாமா ஒரே வீச்சில் திருப்பிவிட்டுப் புன்னகைப்பார். இங்கிலாந்தில் இதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தனர். வலிமை குறைந்த வண்டியில் அதன் முழு ஆற்றலையும் நாமே அனுபவிக்கலாம். அசுர வண்டியிலோ பாதியை அஞ்சியே விட்டுவைக்கிறோம். குற்றமும் உண்டு: வளைவில் விரைந்து செல்கையில் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்மடங்கும். மாமா வளைவுக்கு முன்பே வேகம் தணித்துக்கொள்வார்.

அவர் மறைந்தபின் அந்த 1964ஆம் ஆண்டு வண்டி எனக்கு வந்தது. தில்லியிலோ, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை 2018இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2021ஆம் ஆண்டு விதிப்படி, 50 ஆண்டு கடந்ததைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம், அன்றாடம் ஓட்டலாகாது. மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் காட்டி, விற்றுவிடுங்கள் என்கிறாள் இல்லாள். அவள் கணக்கில் பிழையில்லை.

சித்திரையில் விடுப்பெடுத்துச் சென்னை செல்கிறேன். விற்குமுன் ஒருமுறை அந்தச் சந்தில் திருப்பிப் பார்க்கவேண்டும்.