முடிச்சு



மேடையேறும் முன் எனக்கு ஒரு தேநீர் கொடுத்தார்கள், காகிதக் கோப்பையில். அன்போடு தந்ததை மறுக்க மனம் வரவில்லை, குடித்துவிட்டேன். ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அந்தக் கோப்பையும் உண்டு. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் அது சூடான தேநீரைத் தாங்குகிறது. கூட்டத்தை நடத்தும் செயலாளர் சிரிக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு எவர்சில்வர் டம்ளர் வையுங்கள் ஐயா, கழுவ நானும் வருகிறேன்.

2019-இல் வந்த அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. துணி வாங்கினால் சில கடைகளில் வழவழவென்று ஒரு பை தருவார்கள். தொட்டால் துணி மாதிரியே இருக்கும். வீட்டுக்குப் போனதும் அதன் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். வராது. நெய்திருந்தால்தானே நூல் வரும்! பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் ஒட்டவைத்த சங்கதி அது. துணிப்பை என்று நம்பி நானே ஐந்தாறு சேர்த்து வைத்திருந்தேன்.

சரி, அசல் துணிப்பையான மஞ்சப்பைக்கு வருவோம். ஒரு காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தை விட்டு இறங்கினால் பட்டிக்காட்டான் என்று சினிமாவே சிரித்தது. 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அழைத்தது. நல்லது. ஆனால் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கல்யாண வீடுகளில் வாங்கிய மஞ்சப்பைகள் முப்பதாவது தொங்கும். நான் மட்டும் மீன் வாங்க வெறுங்கையோடு போய்க் கறுப்பு கவரோடு திரும்புவேன். பருத்தி சும்மா விளைவதில்லை, தண்ணீரைக் குடித்து விளைகிறது. பருவநிலைக் கணக்கில் மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை ஐம்பது தடவைக்கு மேல் தூக்கினால்தான் அது பிளாஸ்டிக் பையை விட மேல் என்று டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் கணக்குப் போட்டது. முப்பது பையைத் தொங்கவிட்டால் புண்ணியம் இல்லை. ஒரே பை, நாலு இடத்தில் தையல் பிரிந்து, மறுபடி தைத்து, சாயம் போய்... அதுதான் பை! இப்போது என்னுடையது வண்டிச் சாவியோடு ஒரே ஆணியில் தொங்குகிறது. சாவியை எடுக்கும் கை அதையும் எடுத்துக்கொள்கிறது. மீனுக்குத் தூக்குவாளி. மீன்கார அம்மா முதல் நாள் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாம் வாரம் எடை போடும் முன்பே “வாளிய நீட்டு” என்றார்.

இவ்வளவும் முன்னுரைதான். நான் சொல்ல வந்தது ஒரு முடிச்சைப் பற்றி.

ஒரு நாள் காலை, ஊசிப்போன சாம்பாரைக் கவரில் ஊற்றி, நாற்றம் வெளியே வரக்கூடாதென்று மூன்று முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தேன். வைத்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி, தொலைந்தது சனியன் என்று. தூய்மைப் பணியாளர் அம்மா வந்தார். மக்கும் குப்பையைத் தனியே கொட்டியாக வேண்டும். நகத்தால் முடிச்சை நெம்பினார், அவிழவில்லை. இழுத்தார், கிழிந்தது. சாம்பார் அவர் முழங்கை வரை வழிந்தது. என் வீட்டு சாம்பார். முருங்கைக்காய்த் துண்டு கூடத் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் கிடந்த சாக்கில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே எழுதியிருந்தது. எனக்கு அந்த முழங்கையைப் பார்த்த பிறகுதான் எட்டியது.

இப்போது காய்த்தோலும் டீத்தூளும் மாடிக்குப் போகின்றன. பழைய பெயிண்ட் வாளி, பக்கவாட்டில் ஓட்டைகள், அடியில் தேங்காய் நார். ஒரு கை தோல், ஒரு கை சருகு. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் இரண்டு கை சருகு போட்டால் அடங்கிவிடும். மீன் முள்ளும் சோற்று மிச்சமும் மூடி போட்ட வாளியில், கவர் இல்லாமல். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துத் தனியே கொடுக்கிறோம்.

அந்த அம்மா எங்கள் வாளியை எடுத்து அப்படியே கவிழ்த்துவிட்டுப் போகிறார். அரை நிமிடம் ஆகாது. நான் வாசலிலேயே நின்று பார்க்கிறேன். இரண்டு வீடு தள்ளி ஒரு கறுப்பு கவர். குனிந்து எடுத்து, நகத்தால் முடிச்சைத் தேடுகிறார்.