ஒரு கண்ணுக்கு எதற்கு இத்தனை படம்?



சர்க்கரை நோய்க்காரர்கள் கண்ணைக் காட்டிவிட்டு வந்து சொல்லும் குறை ஒன்று உண்டு: "இப்பத்தானே படம் எடுத்தாங்க, மறுபடியும் ஆஞ்சியோகிராம் எழுதிக் கொடுத்திருக்காங்களே!" ஆஞ்சியோகிராம் என்றதும் நெஞ்சில் கை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. இது இதயத்துக்கு அல்ல. விழித்திரையின் ரத்தக் குழாய்களுக்கு.

முதலில் எடுப்பது வண்ணப் படம். ரத்தத் திட்டும் கொழுப்புப் படிவும் அதில் தெரியும். கசிந்த தடம் அகப்படும். கசியும் வாய் அகப்படாது.

அதற்குத்தான் சாயம். ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கை ரத்தக் குழாயில் ஏற்றினால், கால் நிமிடத்துக்குள் கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டதும் பச்சையாக மினுங்கும். ரத்தம் எட்டாத இடம் இருண்டு கிடக்கும்; புதிதாக முளைத்த நலிந்த குழாய்களிலிருந்து சாயம் வெளியே பரவும். இம்முறையை 1961-ல் வெளியிட்ட நோவோட்னியும் ஆல்விஸும் அமெரிக்காவின் இண்டியானாவில் அப்போது மருத்துவ மாணவர்கள். அந்தக் கட்டுரை வந்ததோ இதய மருத்துவ இதழில்!

அடுத்தது ஓ.சி.டி. ஸ்கேன். விழித்திரையைக் கத்தியில்லாமல் குறுக்காக வெட்டிப் பார்ப்பது போன்றது. நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா, கண்ணில் ஊசி போட்டபின் வற்றியதா என்பதை மைக்ரான் கணக்கில் சொல்லும்.

அதிலிருந்து கிளைத்ததுதான் சாயமில்லா ஆஞ்சியோகிராம். ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பலமுறை ஸ்கேன் செய்வார்கள். சதை அசையாது, ரத்த அணு ஓடும். அந்த வித்தியாசத்தை வைத்தே குழாய்களை அடுக்கு அடுக்காக வரைந்துவிடுகிறது கணினி. சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கசிவை இது காட்டாது. கண் ஆடினாலும் படம் கெடும். ஆகவே சாயத்துக்கு வேலை போய்விடவில்லை.

எல்லோருக்கும் எல்லாப் படமும் வேண்டியதில்லை. "இந்தப் படத்தில் எதைப் பார்க்கப் போகிறீர்கள், டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் சாயம் ஏற்றுமுன் சொல்லிவிடுங்கள். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பழைய படங்களைக் கையோடு கொண்டு போங்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும். அன்றைக்கு வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.