வலிப்பு நோயும் வரம்பு மீறிய அச்சமும்





புளத்கொகுபிட்டிய போன்ற நமது ஊர்களில் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால், சிலர் அனைத்தும் கத்ர் என்று கூறி மருந்தைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் அஞ்சி, பாடசாலையை நிறுத்திப் பிள்ளையை வீட்டுக்குள் அடைத்து விடுகின்றனர். இரண்டும் அமானிதத்துக்கு இழைக்கும் அநீதியே.

வலிப்பால் துன்புற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. பொறுமைக்குச் சுவனம், அல்லது சுகத்துக்கு துஆ என்ற இரண்டில் அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆயினும், வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க துஆச் செய்யுமாறு வேண்டினார்; நபியவர்களும் அவ்வாறே செய்தார்கள். அவர் நோயை மறைக்கவுமில்லை, அதற்கு அடிமையாகவுமில்லை. அதனால் விளையும் குறிப்பிட்ட தீங்கு எதுவென அறிந்து, அதிலிருந்தே பாதுகாப்புத் தேடினார். நமக்கும் அதுவே வழி.

வலிப்பினால் திடீர் மரணம் நிகழ்வதுண்டு. எனினும் வலிப்புள்ள வளர்ந்தோரில் ஓராண்டில் ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவரும், சிறுவரில் 4,500 பேருக்கு ஒருவருமே அவ்வாறு இறப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. வலிப்பு கட்டுப்பட்டால் அந்த ஆபத்தும் குறைகிறது. முறையாகச் சிகிச்சை பெறுவோரில் 70 சதவீதமானோர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆகவே மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

ஆற்றிலோ கிணற்றடியிலோ தனியே குளிக்க விடாதீர்கள். விறகடுப்பருகே கவனம் தேவை. மரமேறுவதும், வைத்தியர் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டுவதும் கூடாது. பாடசாலை, விளையாட்டு, தொழில், திருமணம் ஆகியவற்றின் வாயில்களை அடைக்காதீர்கள். திருமணம் பேசும்போது நோயை மறைக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். வாயில் எதனையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ரமழானில் உறக்கம் குறைவதும் மருந்து நேரம் மாறுவதும் வலிப்பைத் தூண்டலாம். நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் ஆலோசியுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதே நபிவழி. கட்டாமல் விடுவது தவக்குல் அன்று. கட்டிய பின்னும் நடுங்குவதும் தவக்குல் அன்று.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.