பழைய படைவீரர் படங்களும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் யாதேனுமோர் இலக்கியப் பொருள்பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். எளியேன் எடுத்துக்கொண்டதோ நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய படைவீரர் படங்களைப் பற்றியது. தமிழாசிரியனுக்கும் பட்டாளத்துப் படத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பும் உண்டு; ஒரு பிழையும் உண்டு. அப்பிழை என்னுடையது. அதனை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன். ஆயினும் முறையாகத் தொடங்கி அவ்விடம் வருவேன்.

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடுதல் நம் முன்னோர் வழக்கம். தொல்காப்பியனார் அதனைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலையாகப் பகுத்தார். செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல இன்றும் உள்ளன. அவற்றுள் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எவ்வூர்ப் பூசல், பட்டவன் யார் என்பன உளிகொண்டு பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழிந்தும் அவ்வீரனை நாம் பெயரிட்டு அழைக்கின்றோம். நூறாண்டளவே ஆன நம் வீட்டுப் படத்தில் இருப்பவர் யாவர் எனின் விழிக்கின்றோம். கல்லில் எழுதிய மரபினர் காகிதத்தின் பின்புறத்தில் ஒரு வரி எழுத மறந்தனர். இதனினும் வெட்கப்படத்தக்கது வேறுண்டோ?

முதல் உலகப் போரில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து சென்றனர். இரண்டாம் போரில் இந்தியச் சேனை ஏறத்தாழ இருபத்தைந்து லட்சமாக வளர்ந்தது. ஆதலின் நம்மவருள் பல குடும்பங்களில் இத்தகைய படம் ஒன்றேனும் இருத்தல் இயல்பே. அவற்றை ஆராயும் முறையைச் சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது, படத்தின் முகத்தைக் காணுமுன் முதுகைக் காண்க. படம் பிடித்த நிலையத்தின் முத்திரையும் ஊரும் பெரும்பாலும் அட்டையிலோ பின்புறத்திலோ இருக்கும். பெங்களூர் எனின் மதராஸ் ஸாப்பர்களின் தலைமையிடம் அங்கிருந்தமை நினைவிற்கு வரவேண்டும். கண்ணாடிச் சட்டத்தினின்றும் படத்தைப் பிரிக்குங்கால் ஈரத்தினால் அது கண்ணாடியில் ஒட்டியிருப்பின் இழுத்துக் கிழித்தல் ஆகாது. சட்டத்தோடே பிரதி எடுத்துக்கொள்க.

இரண்டாவது, தலையையும் தோளையும் காண்க. மதராஸ் ஸாப்பர்களின் தலையணி ஏனைப் படையினரின் தலைப்பாகையினின்றும் வேறுபட்டது; தோளில் பித்தளை எழுத்துக்களும் இருக்கும். ஆனால் படைகளின் பெயர்கள் காலந்தோறும் மாறியவை. இந்த ஸாப்பர் படையே 1911 முதல் 'இரண்டாம் க்வீன் விக்டோரியாஸ் ஓன்' என வழங்கப்பட்டு, 1923இல்தான் 'மதராஸ்' என்னும் சொல்லை மீண்டும் தன் பெயரிற் பெற்றது. ஆதலின் முதற்போர்க் காலத்துப் பொருளில் 'மதராஸ்' என்னும் சொல் இல்லையெனின் நம் நாட்டுப் படையன்று என்று தள்ளிவிடலாகாது. மதராஸ் காலாட்படை 1920களில் கலைக்கப்பட்டது. மதராஸ் பயனீர் படை 1933இல் கலைக்கப்பட்டது. மதராஸ் ரெஜிமெண்டு 1941இல் மீண்டும் எழுப்பப்பட்டது. இவ்வாண்டுகளை அறிந்தவர்க்கு ஒரு சின்னமே காலக்கணிதமாகும். யானைச் சின்னம் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுசெய்யவும் கூடாது. 1803இல் நிகழ்ந்த அஸ்ஸேப் போரின் நினைவாகிய அவ்யானையை ஒன்றுக்கு மேற்பட்ட படைகள் அணிந்தன.

மூன்றாவது, பதவி. கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். ஜமேதார், சுபேதார் என்போர்க்குக் குறி தோளின்மேல் அமையும். நம் வீடுகளில் பட்டாளத்திற்குப் போனவரெல்லாம் சுபேதாரே! பாட்டிமாரின் அன்பு கொடுத்த பதவி அது; சர்க்கார் கொடுத்த பதவியைக் கைப்பட்டையிலேயே காணவேண்டும்.

நான்காவது, பதக்கம். முதற்போருக்குரிய இந்தியர் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்குக் கண்ணாடியால் படிக்கலாம். தொழிலாளர் படையினர் முதலானோர்க்கு அப்போர்ப் பதக்கம் வெள்ளியிலன்றி வெண்கலத்தில் வழங்கப்பட்டது. வெண்கலமென்று பொற்கொல்லரிடம் மலிவாகப் போட்டுவிடாதீர்கள்; சுமை தூக்கியும் பாதை வெட்டியும் உழைத்தவரின் சாட்சி அது. நாடாவின் நிறத்தைப் படத்தில் அறிவது கடினம். பழைய கண்ணாடித் தகடுகள் செந்நிறத்தை உணரா. ஆகையால் சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் தோன்றும். கறுப்புப் பட்டை என்று நாம் கருதுவது உண்மையிற் சிவப்பாயிருக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. காக்கி உடுத்தவரெல்லாம் படைவீரர் அல்லர். போலீசாரும் வனக்காவலரும் காக்கியே உடுத்தனர். மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த படமாயின் இந்திய தேசிய இராணுவத்தையும் நினைவிற் கொள்க. தமிழர் பலர் சேர்ந்திருந்த அப்படையின் உடை பெரும்பாலும் ஆங்கிலேயர் சேனையின் காக்கியே. சின்னம் மட்டும் வேறு. சின்னத்தைப் பாராது சொன்னால், ஒருவர் எக்கொடியை எதிர்த்து நின்றாரோ அக்கொடியின் கீழேயே அவரை நிறுத்தியவராவோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூவர் அடங்கிய படம் ஒன்று உண்டு. நடுவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பின்னே இருவர் நிற்கின்றனர். அமர்ந்திருப்பவரே பஸ்ராவுக்குப் போய்வந்த என் கொள்ளுப்பாட்டனார் என்பது குடும்பத்தார் கொள்கை. ஆடி அமாவாசைதோறும் அவர் நெற்றிக்கு எதிரே கண்ணாடியின்மேற் சந்தனமிட்டுப் படைத்து வந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தார் மலர் வெளியிட்டபொழுது, 'நம் குலத்து முதற் சுபேதார்' என்ற தலைப்பிட்டு அவ்வுருவத்தை அச்சிடக் கொடுத்தவன் யானே. மலரும் வந்தது, பலரும் பாராட்டினர்.

பின்னர் வீட்டைச் செப்பனிடுங்கால், பரண்மேலிருந்த தகரப் பெட்டியில் என் கொள்ளுப்பாட்டனாரின் விடுவிப்புச் சான்று கிடைத்தது. 1915இற் சேர்ந்து 1920இல் நீங்கியவர். நீங்கும்பொழுது பதவி ஸாப்பர். உயரம் ஐந்தடி நான்கங்குலம். அடையாளம், இடக்கன்னத்தில் தழும்பு. படத்தை இறக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அமர்ந்திருப்பவர் கையில் மூன்று பட்டை. எனவே அவர் ஹவில்தார். சுபேதாரும் அல்லர், ஸாப்பரும் அல்லர். அவர் மார்பிலுள்ள பதக்கத்தின் நாடாவில் உலோகப் பட்டி ஒன்று குறுக்கே இருக்கிறது. முதற்போரின் இரு பொதுப் பதக்கங்களுக்கும் அத்தகைய பட்டி வழங்கப்பட்டதே இல்லை. ஆகவே அது வேறொரு போருக்குரியது. கன்னத்திலும் தழும்பு இல்லை. பதக்கம் அவர் இடமார்பில் இருத்தலால் படம் வலம் இடமாகத் திருப்பி அச்சிடப்படவில்லை என்பதும் உறுதியாயிற்று. பின்னே நிற்கும் இருவருள் குட்டையானவரின் இடக்கன்னத்தில் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. அவரே என் கொள்ளுப்பாட்டனார்.

இத்தனை ஆண்டு யாருக்கோ படைத்துவிட்டு, எம் முன்னோரைப் பின்னே நிற்கவைத்திருந்தோம்! என் தந்தையாரின் தமக்கையார், எண்பது கடந்தவர், அவரிடம் சென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் படத்தை மடிமேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷமா அவருக்குச் சோறு போட்டிருக்கோம், இனிமே பட்டினி போடுறதா? தாத்தாவுக்கும் ஒரு பொட்டு வை. அவரு பொட்டை அழிக்காதே" என்றார். யான் கற்ற நூல்களெல்லாம் அவ்விடத்தில் வாயடங்கின.

சபையோர்களே! அந்த ஹவில்தார் எவ்வூரினர், எக்குலத்தினர், எச்சமயத்தினர் என்பதற்கு என்பால் ஒரு சான்றும் இல்லை. சென்னைச் சேனையிற் பல குலத்தாரும் பல சமயத்தாரும் உடன் நின்று பணிசெய்தனர். அருகருகே நின்றமையால் ஒரு குலத்தவர் ஆகிவிடார். இல்லாத சுபேதாரை நம் குலத்திற்கு உண்டாக்குவது பெருமையன்று. எங்கோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் மூதாதையை நாம் கவர்ந்துகொண்டதாகும். மலரில் வந்த அத்தலைப்பை நீக்கித் திருத்தம் வெளியிடுமாறு காரியதரிசி அவர்களை இச்சபையறிய வேண்டிக்கொள்கிறேன். அவ்வுருவத்தை 'பெயர் அறியப்படாத ஹவில்தார், பெங்களூர்' என்று வெளியிட்டால், உரியவர் கண்ணிற் படவும் கூடும். நம் குலத்திற்கு ஒரு ஸாப்பர் இருந்தார். பாலம் கட்டினவரும் பாதை வெட்டினவரும் அப்படையினரே. அதுவே நமக்குப் போதிய பெருமை.

முடிவாக ஒரு விண்ணப்பம். இன்றிரவு வீடு சென்றதும் வீட்டிலுள்ள மூத்தோரிடம் படத்தைக் காட்டுக. அவர் கூறும் பெயரையும், அதனைக் கூறியவர் யார், எந்நாளிற் கூறினார் என்பதையும் படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுக; மையால் எழுதாதீர், அது முகத்தில் ஊறும். ஐயமாயின் 'ஐயம்' என்றே எழுதுக. கைப்பேசியிற் பிரதியெடுத்துச் சங்கத்திற்கும் அனுப்புக. போரில் மாண்டவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தார் பட்டியலில் தேடலாம். இரங்கூனை அடுத்த தௌக்யான், சிங்கப்பூர்க் கிராஞ்சி ஆகிய இடங்களின் நினைவுச் சின்னங்களில் பல்லாயிரம் இந்தியர் பெயர்கள் உள்ளன.

நடுகல்லை வெட்டக் கல்தச்சன் வேண்டும். நமக்கோ ஒரு பென்சில் போதும். ஆனால் சொல்லக்கூடிய மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அது நிகழவேண்டும்.