மழை பெய்ந்தபின் கெட்ட வயல்

  

"மண்ணைக் கெடுப்பது பேராசையா, அறியாமையா?" என்பது தலைப்பு. அறியாமையே என்று பேச வந்திருக்கிறேன். முன்னாடி பேசின அண்ணாச்சி, "எல்லாம் ஆலைக்காரன் ஆசை"ன்னு மேஜையைத் தட்டிட்டுப் போனாரு. ஆசைப்பட்டவன் அவன், சரி. வயலுக்குச் சொந்தக்காரனுக்கு ஏன் கடைசிவரை விஷயம் தெரியலை? அதைக் கேக்கேன்.

காருகுறிச்சியில பானை வனையறவங்க களிமண்ணைப் பிசைஞ்சு பார்த்தே குணத்தைச் சொல்லிடுவாங்க. அந்தக் களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். அதைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது கால்சியம். கால்சியத்துக்கு ரெண்டு கை. அப்பா கையை ஒண்ணு, அம்மா கையை ஒண்ணுன்னு பிள்ளை பிடிச்சுக்கிட்டு வருமே, அந்த மாதிரி! உப்பில இருக்கிற சோடியத்துக்கு ஒரே கை. அது கூட்டமா வந்து கால்சியத்தைத் தள்ளிட்டு உட்கார்ந்தா, குடும்பம் பிரிஞ்சுது! (சிரிப்பு)

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாருங்க. தோல் பதனிட உப்பு, கழிவுநீரிலும் உப்பு. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாமப் போச்சுன்னு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை, 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எடுத்துக் காட்டியது.

இதில வேடிக்கை கேளுங்க. உப்புத் தண்ணி பாயற வரைக்கும் பயிர் வாடுமே தவிர, மண்ணு குலையாது. அந்த உப்பே பிடிச்சு வச்சிருக்கும். நல்ல மழை பெய்யும். உப்பு கழுவிப் போகும். தகட்டுல ஒட்டின சோடியம் போகாது! அப்பத்தான் மண்ணு கூழாகி, துவாரமெல்லாம் அடைபடும். மேலே தண்ணி நிக்கும், கீழே வேர் வறண்டு கிடக்கும். காஞ்சாலோ பாறை! விவசாயி யாரைத் திட்டுவான்? மழையைத் திட்டுவான்! (கைதட்டல்)

வைத்தியம் உண்டு. ஜிப்சம் போடணும், அதில கால்சியம் இருக்கு. பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்த்து வைக்கிற வேலை. ஆனா அதுக்கப்புறம் நல்ல தண்ணி கட்டி, சோடியத்தை வடிகால்ல வெளியேத்தணும். நல்ல தண்ணிக்கு எங்கே போறது? பொதிகையில பிறந்த நம்ம தாமிரபரணியில சாக்கடை கலக்கிற இடங்களை, 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தாங்க. வீட்டுச் சாக்கடையில போறது என்ன? சோப்பு, சலவைச் சோடா, சாப்பாட்டு உப்பு. மூணுலயும் சோடியம்.

நாம துணி துவைக்கிறது பேராசையிலயா, அண்ணாச்சி?