கூலியைக் குடிக்கும் கோப்பை
(திம்புள்ளத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)



குடிப்பவரைப் பழிக்க நாம் இங்கு வரவில்லை; அறநூல் ஓதவும் வரவில்லை. மது உடலுக்குள் புகுந்து என்ன செய்கிறது, அதனால் கொழிப்பவர் யார் என்ற இரண்டையும் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே வந்துள்ளோம்.

"மலைக்குளிருக்கு இதம்" என்கிறார்கள். உண்மை என்ன? மது உட்சென்றதும் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலின் வெப்பம் அவ்வழியே வெளியேறுகிறது. சூடேறியதாகத் தோன்றுகிறது; உடலோ குளிர்கிறது! "உடல்வலிக்கு மருந்து" என்கிறார்கள். வலி மறைகிறதே தவிர மாறுவதில்லை. நாளடைவில் ஒரு கிளாஸ் தந்த மயக்கத்துக்கு மூன்று தேவைப்படுகிறது. மூளை மதுவுக்குப் பழகி, அதுவின்றி இயங்க மறுக்கிறது. இதுவே அடிமைத்தனம், இது நோய்.

கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பில் என்ன கலந்திருக்கிறதென்பது காய்ச்சியவனுக்கே தெரியாது. மெதனோல் சேர்ந்துவிட்டால் கண் போகும், உயிரும் போகும். கடைச் சாராயம் மட்டும் நல்லதா? ஈரலை அரிப்பது அதுவுமே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988ஆம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று அறிவித்துவிட்டது.

இனிக் கூலிக் கணக்குக்கு வருவோம். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2021இல் நிறைவேறும்வரை எத்தனை ஆண்டுகள் போராடினோம்! மழையிலும் அட்டைக்கடியிலும் நம் பெண்கள் பறித்த கொழுந்தல்லவா அந்தக் கூலி! சம்பளத்தன்று மாலையே அது தவறணைக்குப் போனால், ஒரு பங்கு அரசுக்கு வரியாகும். ஒரு பங்கு முதலாளிக்கு இலாபமாகும். லயத்து அடுப்புக்கு மிஞ்சுவது சாம்பல்தானே? போராடி வென்றதைக் குடித்துத் தோற்பதா?

1912ஆம் ஆண்டளவில் வெள்ளையர் அரசு கள்ளுத் தவறணைகளைப் பெருக்கியபோது, இந்நாட்டு மக்கள் மதுவிலக்கு இயக்கங் கண்டு எதிர்த்தெழுந்தார்கள். மதுவை எதிர்ப்பதும் உரிமைப் போரே என்பதற்கு அதுவே சான்று. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடுக்கிறது. அவ்வாறிருக்க, சாராயம் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பலாமா?

ஒன்றை மறவாதீர்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்து நேரலாம். கோயிலில் சத்தியம் வாங்கி வீட்டில் அடைத்துவைப்பது வைத்தியமாகாது. அவரை அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள், அங்கே கட்டணமில்லை. காய்ச்சல்காரனைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. குடிநோயாளியைக் கண்டு மட்டும் நகைப்பானேன்?

குடிப்பவரைக் கைவிடாதீர்கள், குடியைக் கைவிடச் செய்யுங்கள். உழைத்த கூலி உழைத்தவர் வீடு சேரட்டும்!